பொட்டு வைத்த தூண்டில்

பாப்பாவுக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியம். உன் தூண்டிலும் சௌக்கியம். நேற்றுதான் அதன் லைனை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துணியில் இழுத்துத் துடைத்து, கொல்லைப்பக்கத்து நிழலில் காயவைத்து, அகலமான வளையங்களாகச் சுற்றி உன் அறையில் மாட்டினேன். அழுக்கே இல்லாத லைனை எதற்கு வாரா வாரம் குளிப்பாட்டுகிறீர்கள் என்று உன் அம்மா கேட்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்துக்குத் திரும்பிப் போய் இன்றோடு பதினெட்டு நாள். தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாதா? சாப்பிட்டியா, குளிரு எப்படி, டூட்டி முடிஞ்சுதா, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன். இந்த நாலுக்கு மேல் எனக்கு வந்ததே இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது இந்த நாலில் அடங்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆவணியில் உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போது கொள்ளிடம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்த தூண்டிலை நீ உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட முடியவில்லை. கிளம்புகிற அன்று பெட்டியின் எடை கூடிப்போயிற்று. அந்த ஊர் விமான நிலையத்தில் கருவாட்டைப் பார்த்தால் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டும் உன் அம்மா கேட்கவில்லை. கடைசியில் கருவாடு வெளியே வந்தது, கூடவே தூண்டிலும் வந்தது. கார் வாசலில் நிற்கும்போது நீ அந்த நீளமான உறையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாய். அம்மா பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாய்.

"தையில கல்யாணத்துக்கு வர்றப்ப போட்டுக்கலாம்ப்பா. அதுக்குள்ள லைனை மட்டும் ஒருதடவ கழுவி வைங்க. அங்க போட்டது அப்படியே அழுக்கா இருக்கு" என்றாய். எனக்கு லைன் என்றால் தலைக்கு மேலே போகிற மின்கம்பி. முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? நம் ஊரில் தூண்டிலில் கட்டுவதை நரம்பு என்போம். நீ கொடுத்தது நரம்பு மாதிரி இல்லை. சேமியாவைவிடத் தடிமனாக, வழவழவென்று, வாழைக்குருத்து நிறத்தில் இருந்தது. நீ காரில் ஏறாமல் நின்று விளக்கினாய். "இதுல முள்ளுக்கு எடையே கிடையாதுப்பா. ஈ மாதிரி கோழி இறகுல கட்டியிருக்கும், ஊதுனா பறந்துரும். அதைத் தூக்கிட்டுப் போறது இந்த லைனோட எடைதான். லைன்ல அழுக்கு ஏறுனா மிதக்காது, ராடு வளையத்துல வழுக்கிட்டும் ஓடாது." நான் சும்மா இருக்காமல், "கரண்டு ஓடாத லைனு எனக்குப் புதுசு" என்றேன். "ஓடும்ப்பா. மீன் கடிச்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னப் புட்டியையும் கொடுத்தாய். வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. காய்ந்த பிறகு புட்டியில் இருக்கும் கண்டிஷனரை லேசாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, கார் தெருமுனை திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நாம் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, ஆனாலும் தெரியும். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். வாய்க்கால் மதகின் மேல் உன் கூட்டாளிப் பெண்களோடு உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் நரம்பு கட்டிக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தாய். உன் பெரியப்பாவும் நானும் மதகுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தோம். "என்ன தம்பி, பொம்பளப் புள்ளைய மதகுல உக்கார வச்சு மீன் புடிக்க விட்டுருக்க. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தேன், இடுப்பில் கட்டிங் பிளேயர் இருந்தது. எட்டு வைத்து வந்து, உன் தூண்டில் நரம்பை நாலு இடத்தில் வெட்டினேன். மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்து வாய்க்காலில் போட்டேன். பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள். நீ அழவில்லை. "முள்ளு உள்ள விழுந்துடுச்சுப்பா. மாடு எறங்குற எடம், கால்ல குத்திரும்" என்று மட்டும் சொன்னாய். சொல்லிவிட்டு நீயே இறங்கி, தடவித் தடவித் தேடி முள்ளை எடுத்து, என்னைத் தாண்டிப் போய் வீட்டில் அம்மாவிடம் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு நீ எதையும் என் கையில் கொடுத்ததில்லை, பாப்பா. மார்க் ஷீட்டில் கையெழுத்து வேண்டும் என்றாலும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாய். நர்சிங் படித்து முடித்த சர்டிபிகேட்டை அம்மா காட்டித்தான் பார்த்தேன். நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் கைக்குக் கை எதுவும் வரவில்லை. பதினாறு வருஷம் கழித்து ஒன்று வந்தது, அதுவும் ஒரு தூண்டில். இதை மட்டும் கெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரே படபடப்பு.

அவ்வளவு படபடப்போடு என்ன செய்தேன் தெரியுமா? கெடுத்தேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கரண்டை நிறுத்தியாகிவிட்டது என்று துணைமின் நிலையத்தில் உறுதி வாங்குவோம், அதற்கு லைன் கிளியர் என்று பெயர். அது இல்லாமல் ஒருநாளும் நான் கம்பியில் கை வைத்ததில்லை. உன் லைனில் மட்டும் யாரையும் கேட்காமல் கை வைத்தேன். ஆயுத பூஜைக்கு வழக்கம்போல என் சாமான்களைத் துடைத்துக் கூடத்தில் வரிசையாக வைத்தேன். இடுப்பு பெல்ட், கையுறை, கயிறு, கட்டிங் பிளேயர், ஸ்குரூடிரைவர், அப்புறம் அம்மாவின் தையல் மிஷின். எல்லாம் வைத்த பிறகு எனக்கு ஒரு குறை தெரிந்தது. உள்ளே போய் உன் தூண்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். ராடு என்கிற கம்புக்குப் பொட்டு, லைன் சுற்றியிருக்கும் சுருளுக்குப் பொட்டு. வைத்ததுதான் வைத்தோம், லைனுக்கும் இருக்கட்டும் என்று அதை உருவி, முழம் முழமாகச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். குளித்து முடித்து நெற்றி நிறைய விபூதியோடு செய்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை.

அது காய்ந்து லைன் வறட்டென்று ஆகிவிட்டது. சரி, கண்டிஷனர் தடவினால் போகும் என்று புட்டியை எடுத்தால் அது காலி. ஒரு சொட்டு இல்லை. மறந்துபோய்க் குளியலறை மாடத்தில் வைத்திருந்தேன், வெயிலில் ஆவியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். என் தோல் பெல்ட்டுக்கு நான் முப்பத்தோரு வருஷமும் விளக்கெண்ணெய்தான் போட்டேன், இன்றைக்கும் புதிது மாதிரி இருக்கிறது. அதே எண்ணெயை உன் லைனுக்கும் தாராளமாகத் தடவி, மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் போட்டேன். அது குறுவை அறுப்பு நேரம். பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை. மாலையில் எடுக்கப் போனால் உன் லைனைக் காணோம். பதரும் சுணையும் தூசியும் அப்பிக்கொண்டு, கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வைக்கோல் பிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை வெட்டினேன், இந்த முறை கும்பிட்டே கெடுத்தேன்.

அடுத்த நாள் உன்னிடம் போனில் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏன் பாப்பா, சும்மா பொதுவா கேக்குறேன். அந்த மாதிரி லைன்ல எண்ணெய் கிண்ணெய் பட்டா என்ன பண்ணணும்?" நீ, "என்ன எண்ணெய்ப்பா?" என்றாய். "பொதுவாத்தான் கேக்குறேன்" என்றேன். நீ சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னாய். சூடான தண்ணீர் கூடாது. துணி துவைக்கிற பவுடர் கூடவே கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. வளையமாக நனையவைத்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவே மடித்துப் பிடித்து, அதற்குள் லைனை மெதுவாக இழுக்க வேண்டும். வெயிலில் போடக் கூடாது. "அப்புறம், கொசுவுக்குத் தடவுற க்ரீம் கையில இருந்தா லைனைத் தொடாதீங்க. அது மேல்பூச்சையே கரைச்சுரும்" என்றாய். உங்கள் ஊரில் இதை ஒரு சின்ன எச்சரிக்கையாகச் சொல்வார்களாக இருக்கும். நம் ஊரில் ஐப்பசியில் அந்த க்ரீம் இல்லாமல் ஒரு மனுஷன் கொல்லையில் உட்கார முடியுமா? உட்கார்ந்தேன். நம் டெல்டாக் கொசு அத்தனைக்கும் இரண்டு கையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

என் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். முதல் நாள் தண்ணீர் செக்கச் செவேலென்று வந்தது. அடுத்த நாள் சந்தனம் கரைந்தது. மூன்றாம் நாள்தான் எண்ணெய்ப் பிசுக்கு விட ஆரம்பித்தது. கம்பி இழுக்கிற பழக்கத்தில் முதலில் கை வேகமாகத்தான் போனது. வேகமாக இழுத்தால் துணிதான் ஓடுகிறது, அழுக்கு அங்கேயே இருக்கிறது. மெதுவாக இழுத்தால் எந்த இடத்தில் சொரசொரப்பு என்று விரலுக்கே தெரிகிறது. அந்த இடத்தில் நின்று, திரும்ப ஒரு முறை, திரும்ப ஒரு முறை. ஒரு வாரத்தில் வாழைக்குருத்து நிறம் திரும்பியது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். ஒரே ஒரு இடம் மட்டும், ஒரு ஜாண் நீளத்துக்கு, குங்குமச் சாயம் ஊறிப்போய் எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

புட்டி காலியான மர்மமும் அந்த வாரம்தான் தெரிந்தது. உன் அம்மாவின் தலைமுடி சில வாரமாகவே மினுமினுத்துக்கொண்டிருந்தது. தெருவில் கேட்காத பெண் இல்லை. "எம் பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து வாங்கியாந்த கண்டிஷனரு" என்று அவள் ஒருத்தியிடம் பெருமையாகச் சொல்வது என் காதில் விழுந்தது. நான் வேட்டித் துணியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "கண்டிஷனர் தடவியாச்சாப்பா?" என்று கேட்டாய். தடவியாச்சு என்றேன். பொய் இல்லை. யாருக்கு என்று நீ கேட்கவில்லை.

கல்யாணம் எப்படி நடந்தது என்று உனக்கே நான் எழுதத் தேவையில்லை. திருப்பனந்தாளில் அன்றைக்கு அத்தனை மண்டபத்திலும் கல்யாணம். வேதாரண்யத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு வேன், மேளச் சத்தத்தைக் கேட்டு வேறு மண்டபத்தில் போய் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் பன்னீர் தெளித்து உள்ளே கூட்டிப்போய்க் காப்பியும் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் பெண் வேறு என்று தெரிந்ததாம். சம்பந்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றேன். ஆனால் உள்ளுக்குள், இன்னும் மூன்று நாளில் கொள்ளிடத்தில் நீ அந்தச் சுருளைத் திறப்பாய் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டும்போது என் கண் கலங்கியதில் பாதி அதற்காகத்தான் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில் கொள்ளிடம் மணல்திட்டுகளுக்கு நடுவே தெளிந்து ஓடியது. அம்மா புளிச்சோறு கட்டி எடுத்து வந்தாள். மாப்பிள்ளை பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சுருளிலிருந்து லைனை உருவி, விரலுக்கு நடுவே ஓடவிட்டாய். நல்லா இருக்கேப்பா என்றாய். என் உயிர் திரும்பி வந்தது. அடுத்த நிமிஷம் உன் விரல் நின்றது.

"என்னப்பா இது, இந்த எடத்துல செகப்பா?"

நான் திருதிருவென்று முழித்தேன். உன் அம்மா முந்திக்கொண்டாள். "அது பொட்டு. ஆயுத பூசைக்கு ஒன் தூண்டிலையும் வச்சுல்ல கும்பிட்டாரு ஒங்கப்பா."

பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சந்தனம், விளக்கெண்ணெய், அறுவடை மிஷின், வேட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். உன் அம்மா சோற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் தலைல தேச்சது தூண்டிலுக்குப் போடுறதா?" என்று கேட்டாள். நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று தண்ணீரிலிருந்து ஓடி வந்தார். உனக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை, அவருக்கு நான்தான் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா தன் பின்னலை முன்னால் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு புட்டி கொண்டாந்திருக்கியா?" என்று உன்னிடம் கேட்டாள். அதோடு மாப்பிள்ளையும் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ ஒன்று கேட்டாய். "பூசையில எதுக்குப் பக்கத்துலப்பா வச்சீங்க?" கட்டிங் பிளேயருக்குப் பக்கத்தில் என்றேன். நீ சிரிக்கவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தச் சிவப்பு இடத்தை மட்டும் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து வந்து, "பிடிங்கப்பா" என்று ராடை என் கையில் வைத்தாய்.

நான் போட்ட முதல் வீச்சு மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் மாட்டியது. அடுத்தது என் துண்டில். அதற்கு அடுத்ததில் லைன் தலைக்குப் பின்னால் போய் நிமிர்ந்து, முன்னால் வந்து, தண்ணீரில் நீளமாகப் படுத்தது. முழுக்க மிதந்தது, பாப்பா. ஒரு இடம்கூட அமிழவில்லை. அந்த ஒரு ஜாண் சிவப்பும் மற்றதோடு சேர்ந்து மிதந்தது. கொஞ்ச நேரத்தில் என் விரலில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. வாழ்நாள் முழுக்கக் கரண்டுக்குப் பயந்தவன், அன்றைக்கு அது ஓடியதற்குக் குதித்தேன். பார்த்தால் உள்ளங்கை அகல ஜிலேபி மீன். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் அங்கே பழக்கம் என்று நீ சொல்லி முடிப்பதற்குள், உன் அம்மா அதை வாளி மூடியில் போட்டு என் துண்டால் மூடிவிட்டாள்.

அவ்வளவு சந்தோஷத்திலும் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார், சாப்பாட்டு நேரம் ஆகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கிளம்பும்போது, "இது இங்கயே இருக்கட்டும்ப்பா, எனக்கு அங்க இன்னொண்ணு இருக்கு" என்று தூண்டிலை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். அப்போதும் தலையை ஆட்டினேனே தவிர, பேசவில்லை.

புதுக் குடித்தனம் நடத்தப் போகிறவளுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. கோபம் வரும்போது உன் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பார். அன்றைக்கு நான் பார்த்திருந்தால் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இன்னொன்று, மாப்பிள்ளையோடு ஏதாவது மனத்தாங்கல் என்றால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடு. புதிய அழுக்கு ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது, ஊறவிட்டால் எத்தனை வேட்டி கிழித்தாலும் ஒரு ஜாண் மிஞ்சுகிறது. பதினாறு வருஷம் ஊறவிட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் அம்மாவுக்கு நீ அனுப்பிய இரண்டு புட்டியும் வந்து சேர்ந்தன. ஒன்றில் தலைக்கு என்றும் மற்றதில் தூண்டிலுக்கு என்றும் நீ தமிழில் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்து அவள் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சரியாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனை எடுக்கவில்லை என்றால் பதறாதே. கொள்ளிடத்தில் முழங்காலளவு தண்ணீரில் நிற்பேன், இரண்டு கையும் வேலையாக இருக்கும்.

நம் ஊர் நூலகத்தில் இந்த வருஷ மலருக்கு யாராவது ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இந்தக் கடிதத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். அப்பா மகளுக்கு எழுதியதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஊர் பார்க்க வெட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் போனில் மன்னிப்புக் கேட்டால் அது நியாயம் இல்லை என்றேன். அன்றைக்கு டீக்கடையில் சிரித்தவர்களில் நிறையப் பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், உன் பெரியப்பாவும் இருக்கிறார். அவர்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அன்று மதகில் உட்கார்ந்து மீன் பிடித்த என் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்புச் செய்தவன் நான். என்னை மன்னித்துவிடு, பாப்பா.

உன் அப்பா